மாதிரிக் குரல்

திரை மறுபடி சிவந்தது.

கர்னைல் சிங் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். திரையில் ஒரு குதிரைப் படம். கீழே அதன் பெயர், பஞ்சாபியின் குர்முகி எழுத்தில். வாசித்தார். அறுபது வருடமாகச் சொல்லிவரும் சொல்.

சிவப்பு.

மூன்றாவது சிவப்பு.

பஞ்சாபி எழுத்தும் உச்சரிப்பும் கற்றுத்தரும் மென்பொருள். பஞ்சாபிக்காரரை வைத்தே சோதித்தோம் என்று காட்ட வேண்டுமாம். மாதவரத்தில் லாரியை நிறுத்திவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தவரை அழைத்து வந்திருந்தார்கள்.

மென்பொருளுக்குள் இருக்கும் மாதிரிக் குரல் மேலாளருடையது. அதோடு பொருந்தினால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. டெல்லியில் இரண்டு வருடம் இருந்தாராம். போதாதா?

"இவங்களுக்கே சுத்தமா வராதும்மா," என்றார் மேலாளர், சோதனையை நடத்திக்கொண்டிருந்த பெண்ணிடம். "லாரி ஓட்டுற ஆளு. நாமதான் சொல்லிக் குடுக்கணும்."

சொல்லிக் கொடுத்தார். வாயை அகலத் திறந்து, குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி.

அந்த வாயை அவளுக்குத் தெரியும்.

இதே அறை. அவளுடைய வேலைக்கான நேர்காணல். "எங்கே, வாழைப்பழம் சொல்லும்மா" என்று கேட்ட வாய். அவள் வீட்டில் அதற்கு முன் ஒருவரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. எல்லோரும் வாளப்பளம்தான் தின்றார்கள். வயிறு நிறையத்தான் செய்தது.

அன்று அவருக்குப் பிடித்த மாதிரி சொன்னாள். கூடவே சிரித்தும் வைத்தாள்.

வேலை கிடைத்தது.

கர்னைல் சிங் தொண்டையைச் செருமினார். மேலாளர் சொன்ன மாதிரியே சொன்னார்.

பச்சை.

மேலாளர் கைதட்டினார். கர்னைல் சிங் சிரித்தார். தாடியைத் தடவிக்கொண்டு, யாரையும் பார்க்காமல்.

அந்தச் சிரிப்பையும் அவளுக்குத் தெரியும்.

சோதனைப் படிவம் அவள் முன்னால் வந்தது. நான்கு முயற்சி, நான்கு கட்டம். சொன்னது சரியா தவறா என்று சோதிப்பவர் எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

"சீக்கிரம் முடிச்சுக் குடும்மா. உன் வேலைய நிரந்தரமாக்குற லெட்டரும் என் டேபிள்லதான் கெடக்கு. சேர்த்துக் கையெழுத்துப் போட்டுடறேன்."

முதல் கட்டத்தில் எழுதினாள்: சரி.

இரண்டாவதில்: சரி.

மூன்றாவதில்: சரி.

நான்காவதில் பேனா கொஞ்சம் நின்றது.

தவறு.

கையெழுத்திட்டாள். படிவத்தை மேலாளர் பக்கம் திருப்பி வைத்தாள்.

பிறகு மைக்கின் வயரைப் பிடுங்கினாள். கர்னைல் சிங்கிடம் குதிரையைக் காட்டி, இன்னும் ஒரு முறை, அவர் எப்போதும் சொல்கிற மாதிரியே தனக்குச் சொல்லும்படி ஒற்றை விரலை உயர்த்தினாள்.