மேசைக்காசு

இரணியல் சந்தைக்குப் பின்னால் மாதேவனின் சீட்டுக் கொட்டகை. கீற்று இடுக்கு வழியே மத்தியான வெயில் வட்ட வட்டமாகச் சீட்டுகளின் மேல் விழுகிறது. ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் மாதேவன் ஜெயித்தவனிடமிருந்து ஓரணா மேசைக்காசு எடுத்துத் தகர டப்பாவில் போடுகிறான். காலையிலிருந்து ஆடும் நால்வரும் மாறி மாறி ஜெயித்தும் நால்வர் மடியும் இளைத்துக் கிடக்கிறது, டப்பாதான் நிறைகிறது. தறிக்காரன் தாணப்பனுக்கு அது இப்போதுதான் உறைக்கிறது. இந்த ஆட்டத்தில் ஜெயித்தவன் அவன். மேசைக்காசுக்கு நீண்டு வரும் மாதேவனின் கையை அவன் மணிக்கட்டில் இறுகப் பிடிக்கிறான். “ஏலே மாதேவா, நாங்க ஒருத்தனுக்கு ஒருத்தன் தோக்கல்ல. நாலுபேரும் ஒனக்காக்கும் தோக்கோம்.” “கொட்டகை எனக்கதுல்லா?” “ஆட்டம் எங்களுக்கதாக்கும்.” தாணப்பன் தான் கொண்டுவந்த சீட்டுக்கட்டை வாரிக்கொண்டு வெயிலில் இறங்கி, புளியமரத்தடியில் துண்டை உதறி விரிக்கிறான். மற்ற மூவரும் மாதேவனின் முகத்தைப் பார்க்காமல் எழுந்து வருகிறார்கள். தாணப்பன் சீட்டைக் கலைத்துப் போடுகிறான்.