அம்பு தானா ஓடுது

“பச்சையா ஒண்ணு வந்திருக்கும்மா. அதை அமுக்குங்க.”

போனில் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு ஒரு டொக்.

அனுமதி கிடைத்தது.

சென்னையில், ஏழாவது மாடியில், அவள் திரைக்குள் இன்னொரு திரை திறந்தது. தருமபுரிப் பக்கம் ஒரு வீட்டில் இருக்கிற லேப்டாப். மாதேஷின் லேப்டாப்.

மாதேஷ் இல்லை.

பைக். லாரி. மலையிறக்கம்.

ஆபீஸில் மெழுகுவத்தி ஏற்றி ஒரு நிமிடம் நின்றார்கள். மறுவாரமே லேப்டாப்பைக் கேட்டார்கள்.

நாளைக்குக் கூரியர்காரன் வந்து எடுத்துப்போவான். வழியில் தொலைந்தால் கம்பெனி ரகசியம் போய்விடுமாம். அதனால் இங்கிருந்தே துடைத்துவிட வேண்டும். அதுதான் அவள் வேலை. வேலையை விட்டவன் மெஷினுக்கும் செத்தவன் மெஷினுக்கும் ஒரே முறைதான். பேக்கப் ஆகியிருக்கிறதா பார். அழி. முடிந்தது என்று போடு.

பார்த்தாள்.

அவன் அடித்த ஒவ்வொரு வரியும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருந்தது. ஒரு நகல் மும்பையில். இன்னொன்று கடல் தாண்டி. அவன் செத்ததில் கம்பெனிக்கு ஓர் எழுத்துகூட நட்டமில்லை.

படங்கள் மட்டும் எங்கேயும் போகவில்லை. படம், பாட்டு, வீடியோ எதுவும் பேக்கப்பில் ஏறக் கூடாது. வெட்டியாக இடத்தை அடைக்கிறது என்று மேலே சொன்னார்கள். அந்த விதியைப் போட்டவள் அவள்தான்.

“கண்ணு, அம்பு தானா ஓடுது.”

“நான்தாம்மா ஓட்டுறேன். இங்கேர்ந்து.”

“அவனும் இப்படித்தான் வெடுக்கு வெடுக்குனு ஓட்டுவான். பக்கத்துல குந்திப் பாத்துக்கிட்டே இருப்பேன். எனக்கு ஒரு எழவும் புரியாது.”

அவள் மவுசைக் கொஞ்சம் மெதுவாக நகர்த்தினாள்.

“மாதேசு போட்டோ எல்லாம் அதுலதான் இருக்குன்னான். அவன் போனு லாரிக்கடியில நசுங்கிப்போச்சு. செவுத்துல மாட்ட ஒண்ணு வேணும் கண்ணு. ஆபீசு அட்டையில இருக்கறதப் பெருசு பண்ணாக்கா பேய் மாதிரி வருது.”

கம்பெனி மெஷினில் சொந்தப் படம் எதற்கு என்று கேட்பார்கள். வேறெங்கே வைப்பான்? அந்த வீட்டுக்குள் வந்த முதல் கம்ப்யூட்டரே அதுதான். அவள் வீட்டிலும் அப்படித்தான். இவர்களுக்கு அதெல்லாம் சொன்னால் புரியாது. சொல்லவும் பிடிக்கவில்லை.

பென்டிரைவ் செருகினால் பூட்டிக்கொள்ளும். மெயிலில் அனுப்பினால் அன்றைக்கே சீட்டுக் கிழியும். இப்போது பேசுவது ஆபீஸ் போன்; அவளுடைய சொந்த போன் வாசலில், லாக்கரில்.

காட்ட மட்டும் முடியும். அழிப்பதற்கு முன்னால், ஒரு தடவை.

‘வீடு’ என்றொரு ஃபோல்டர். திறந்தாள்.

அம்மா.

இத்தனை நேரம் குரலாக இருந்தவளுக்கு முகம் வந்தது. கடலில் கால் நனைக்கிற அம்மா. நகரும் படிக்கட்டு முன்னால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நிற்கிற அம்மா. புது கிரைண்டருக்குப் பொட்டு வைக்கிற அம்மா. எல்லாவற்றிலும் சரியாக எடுக்கிற நேரத்துக்குக் கண்ணை மூடியிருக்கிறாள். அதனால் ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்ப எடுத்திருக்கிறான்.

எடுத்தவன் அவன்.

ஒன்றிலும் அவன் இல்லை.

“என்ன எழவு இது, பூரா நானாவே இருக்கேன். அவன் எங்க?”

“இருங்கம்மா. தேடுறேன்.”

திரையின் ஓரத்தில் மேனேஜரின் செய்தி மின்னியது. முடிஞ்சுதா?

அவள் வேகமாகத் தள்ளினாள். அம்மா. அம்மா. ஆட்டுக்குட்டியோடு அம்மா. ரேஷன் கடை வரிசையில் அம்மா.

“இருக்கானா கண்ணு?”

நின்றாள்.

சாயங்கால வெயில். வாசலில் உட்கார்ந்து வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருக்கிறாள் அம்மா. இந்த ஒரு படத்தில் கண் திறந்திருக்கிறது. எடுக்கிறவனைப் பார்த்து ஏதோ திட்டுகிறாள்.

வெயில் எடுத்தவனின் முதுகுக்குப் பின்னால்.

நிழல் நீளமாக விழுந்திருந்தது. மண்ணில் கால்கள். தூக்கிய இரண்டு முழங்கைகள். தலை மட்டும் அம்மாவின் மடியில்.

அவள் படத்தைப் பெரிதாக்கினாள். அம்பை மெதுவாக நகர்த்தினாள். காலில் தொடங்கி, முழங்கை வழியாக, மடி வரைக்கும்.

நிறுத்தினாள்.



“அம்மா?”

“முடி...” என்றது குரல். “காடு மாதிரி கெடக்குது, முடிய வெட்டிக்கிட்டு வாடான்னு அன்னிக்குத்தான் திட்டுனேன்.”

கடைசியில் அந்தக் குரல் உடைந்தது.

அவள் கண்ணைத் துடைக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

“பக்கத்துல யார்கிட்டயாவது டச் போன் இருக்காம்மா? இந்தப் படத்தை அப்படியே எடுத்துக்கலாம்.”

“எல்லாரும் ஏரி வேலைக்குப் போயிருக்காங்க கண்ணு. பொழுது சாயத்தான் வருவாங்க.”

செய்தி மறுபடி மின்னியது. ஒரு மெஷினையா இவ்வளவு நேரம் அழிக்கறே? முடிஞ்சுதா இல்லையா?

அவள் தட்டினாள். ‘இல்ல சார். அந்தப் பக்கம் லைன் ரொம்ப ஸ்லோ. சாயங்காலம் ஆயிடும்.’

கையை எடுத்துவிட்டால் கொஞ்ச நேரத்தில் அங்கே திரை அணைந்துவிடும்.

அவள் எடுக்கவில்லை. மவுசைத் துளித் துளியாக அசைத்தாள்.

மடியில் கிடந்த அந்தத் தலையின் மேல், முன்னும் பின்னுமாக.