தாள் எண் 412

"நானூத்திப் பன்னெண்டை மறுபடி மாத்தியிருக்காங்க" என்றான் குரோய்வா. யாரென்று அவன் கேட்கவில்லை. திருத்தியவர் பெயர் திரையிலேயே இருந்தது: ஒனோதெரா.

ஜப்பானின் சென்டாயில், பல்கலைக்கழக நூலகத்தின் மூன்றாம் மாடி. பதினைந்து வருடங்களுக்கு முன் ஆழிப்பேரலை வந்த நாட்களில் ஒரு கடற்கரை ஊரின் பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டப்பட்ட 'காணவில்லை' தாள்கள் எண்ணூற்றுச் சொச்சம். அவற்றைப் படமெடுத்து, கையெழுத்தை வாசித்துத் தட்டச்சு செய்து, வரைபடத்தோடு இணையத்தில் ஏற்றுவதுதான் அந்த மூன்று மாணவர்களின் திட்டம். மறுநாள் பேராசிரியர்களுக்குக் காட்ட வேண்டும். குடும்பப் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குத்தான் அவர்களுக்குள் பழக்கம்.

ஆறு மாதத்தில் அதிகத் தாள்களை ஏற்றியவள் ஒனோதெராதான். தகாமி நாலு தாள் வாசித்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போவாள். இவள் அசைய மாட்டாள். "உங்ககூட வேலை பார்க்கறது பிரின்டர்கூட வேலை பார்க்கற மாதிரி. பிரின்டராவது கொஞ்சம் முனகும்" என்று தகாமி ஒருமுறை சொன்னபோதுகூட ஒனோதெராவுக்குக் கோபம் வரவில்லை. எதுவுமே வரவில்லை. அதை மட்டும் அவள் கவனித்தாள்.

412, நாட்காட்டித் தாள் ஒன்றின் பின்பக்கம். மகள், ஐந்து வயது, மஞ்சள் தொப்பி, பார்த்தவர்கள் தயவுசெய்து இங்கேயே உட்கார வையுங்கள், மற்ற இடங்களில் தேடிவிட்டு வருகிறேன் என்று ஓர் அப்பா எழுதியிருந்தார். அடியில் குமாகாய் என்று கையெழுத்து.

மகளின் பெயரை குரோய்வா 'ஹினா' என்று ஏற்றியிருந்தான். அந்த இரண்டு சித்திர எழுத்துகளைப் பல விதமாக வாசிக்கலாம் என்றாலும், எல்லோரும் அப்படித்தான் வாசிப்பார்கள். ஒனோதெரா அதை 'ஹருனா' என்று மாற்றினாள். அவன் பழையபடி ஆக்கினான்; இவள் மறுபடி மாற்றினாள். இப்போது, 'தெரியவில்லை' என்றிருந்த கட்டத்தில் 'கிடைத்தாள்' என்றும் போட்டிருந்தாள்.

குரோய்வா கெட்டவனில்லை. ஊர் நினைவுக்கல்லில் உள்ள இறந்தவர்களின் பெயர்களோடு ஒவ்வொரு தாளையும் ஒப்பிட்டுப் பார்த்தவன். ஆதாரமில்லாமல் ஒரு சொல்லும் ஏறக் கூடாது என்பது அவன் வைத்த விதி. அந்த அப்பாவின் பெயர் கல்லில் இருக்கிறது, தேடப் போன வழியிலேயே அடுத்த அலை கொண்டுபோய்விட்டது, மகளைப் பற்றி எங்கும் ஒரு வரி இல்லை என்று பொறுமையாகத்தான் சொன்னான்.

"கூட்டிட்டுப் போக ஆளே திரும்பி வரலை, ஒனோதெரா-சான். நமக்கு ஆசையா இருக்குங்கறதுக்காகக் கிடைச்சாள்னு போட முடியுமா?"

குழந்தை மூன்றாம் நாள் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்துசேர்ந்தது என்று ஒனோதெரா திரையைப் பார்த்தபடியே சொன்னாள். யாரோ தாளை வாசித்துக் காட்டினார்களாம். அதற்கடியில் நாலு நாள் நகராமல் உட்கார்ந்திருந்ததாம். ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி இருந்தது அவள் குரல்.

தகாமி எழுந்து போகவில்லை. குரோய்வா பெருமூச்சோடு ஆதாரம் என்ற கட்டத்தைத் திறந்தான்.

"சரி, யார் சொன்னதுன்னு போடட்டும்?"

"ஒனோதெரா, சித்தி வீட்டுப் பேரு" என்றாள் அவள். "என் பேரைப் போடுங்க. ஹருனா."