கன்செஷன் ஃபாரம்

"கிழக்கேகோட்டையில பஸ்ஸு ரெடியா நிக்குது. அதை விட்டுட்டு டிரெயினுக்கு எதுக்குப் பிள்ளே ஓடுற?"

தாணுமாலையன் சோற்றில் கை வைக்காமல் கேட்டார். ஆரியசாலை மொத்தக் கடைகளில் இருபத்தாறு வருஷமாக மூட்டை சுமக்கிறவர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பசித்த வயிற்றோடு அவர் கேள்வி கேட்கிறார் என்றால் விஷயம் பெரிது என்று மனைவி மாடம்மாளுக்குத் தெரியும். மகள் அனுஷாவுக்கும் தெரியும்.

"பஸ்ஸுல போனா கேசவதாசபுரத்துல டிராஃபிக் பிளாக்குப்பா."

"காலம்பற அஞ்சரை மணிக்கு அங்க எவன் பிளாக் பண்ணுதான்?"

மாடம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. புருஷன் முகத்தைப் பார்த்துவிட்டு ரசத்தைக் கலக்கினாள்.

"டிரெயின்ல போயி கழக்கூட்டத்துல இறங்கணும். அங்கேருந்து யுனிவர்சிட்டிக்கு மறுபடியும் பஸ்ஸு. தலையில ஏத்துன மூட்டையை நடுவழியில இறக்கி வெச்சு, மறுபடியும் ஏத்துறவன் உண்டா?"

"சீசன் டிக்கெட் எடுத்தாச்சுல்லாப்பா."

"பக்கத்து வீட்டு ஸ்மிதா ஸ்ரீகாரியத்துல படிக்கா. ஸ்டூடண்ட் கன்செஷன் வாங்கி ஒழுங்கா பஸ்ஸுல போறா. அதே ஃபாரத்தை நான் டிப்போவுல போயி வாங்கி உன் கையில தந்தேன். காலேஜ் சீல் வெச்சுட்டு வான்னு சொல்லிப் பன்னெண்டு நாளாச்சு."

"ஆபீஸ்ல கிளார்க்கு லீவு."

"பன்னெண்டு நாளுமா?"

அனுஷா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். ஆள்காட்டி விரலில் துணி சுற்றியிருந்தது. "சீசன் டிக்கெட்டுக்கு யாருக்க சீலும் வேண்டாம். எடுத்தமா போனமான்னு இருக்கும். பின்னே எதுக்கு இந்த வழக்கு?"

அலமாரியில் அவளுடைய போன் அடித்தது. அவள் எழுவதற்குள் தாணுமாலையன் எட்டி எடுத்துவிட்டார். திரையில் ஷிபு என்று இருந்தது. காதில் வைத்தார். வாயைத் திறக்கவில்லை.

"அனுஷா, நாளைக்கு ஆறரைக்கே இங்க வந்து எத்தணும், கேட்டியா. நீ வைகி லேட்டா வந்தா நான் தனியாக் கிடந்து கஷ்டப்படணும்."

ஆண் குரல். பேசிவிட்டு வைத்துவிட்டது.

"யாரு ஷிபு?"

"அங்க உள்ளவரு."

"கூடப் படிக்கிறவனா?"

"யுனிவர்சிட்டியிலதான் இருக்காரு."

"நான் கேட்டது அது இல்ல."

மாடம்மாள், "சோறு தின்ன விடுங்க, பிள்ளை முகம் வாடிப் போச்சு," என்றாள்.

"நீ சும்மா இரி." அவர் மகள் பக்கம் திரும்பினார். "போட்டோவும் சீலுமா யுனிவர்சிட்டியிலேருந்து ஹால் டிக்கெட்டு வந்துது பாரு, அன்னைக்கு சாயங்காலமே ஆரியசாலை முழுக்க லட்டு குடுத்தவன் நான். என் மவ யுனிவர்சிட்டியில படிக்கான்னு சொல்லித்தான் அங்க நிமுந்து நடக்கேன். டிரெயின்ல ஏதாவது கோளாறு இருந்துச்சுன்னு வெச்சுக்கோ, அடுத்த மாசமே வள்ளியூர்ல என் அக்கா மவனுக்குக் கட்டி வெச்சிருவேன். படிப்பும் வேண்டாம், பாஸும் வேண்டாம். எங்க அந்த ஃபாரம்?"

அவள் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். மடிப்புக் கலையாமல் அப்படியே இருந்தது.

மறுநாள் காலை, யுனிவர்சிட்டி ஹாஸ்டலுக்கு அரிசி ஏற்றிய லாரியில் தாணுமாலையன் முன்சீட்டில் ஏறிக்கொண்டார். அங்கே மூட்டை இறக்குவது அந்தப் பகுதி யூனியன் ஆட்களின் வேலை. ஆரியசாலைக்காரன் கை வைத்தால் சண்டை வந்துவிடும். அதனால் வெறுங்கையோடு போனார். சட்டைப் பையில் ஃபாரம் இருந்தது.

"சீல் வைக்க நீங்களா போகணும், அண்ணாச்சி?" என்றான் டிரைவர் செல்வமணி.

"சீலும் வைக்கணும். ஒருத்தன் மூஞ்சியையும் பாக்கணும்."

"பாத்து?"

"பாத்த பெறவு சொல்லுதேன்."

ஹாஸ்டல் சமையற்கட்டின் பின்வாசலில் லாரி நின்றது. நீலச்சட்டை போட்ட யூனியன்காரர்கள் மூட்டைகளை இறக்கத் தொடங்கினார்கள். செல்வமணி கேபினிலேயே பீடி பற்ற வைத்தான். தாணுமாலையன் இறங்கி, மூட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஆளிடம் போனார்.

"இங்க ஷிபுன்னு ஒரு பையன் உண்டுமா?"

"பையனா?" அந்த ஆள் ஈரக்கையை வேட்டியில் துடைத்தார். ஐம்பது தாண்டிய வயது. மீசையெல்லாம் நரை. "இங்க வேற ஷிபு கிடையாது. நான்தான். மெஸ்ஸுல ஹெட் குக்கு."

போனில் கேட்ட அதே குரல். தாணுமாலையன் பயந்த மாதிரி பையன் இல்லை. ஆனாலும் சந்தேகம் போகவில்லை; ஃபாரத்தை எடுத்து நீட்டினார்.

"நான் அனுஷாவுக்க அப்பன். இதுல சீல் வைக்க எந்த ஆபீசுக்குப் போகணும்?"

ஷிபு ஃபாரத்தை வாங்கி, தள்ளிப் பிடித்துப் படித்தார்.

"அய்யோ, இது ஸ்டூடண்ட்ஸுக்கு உள்ளதல்லவா அண்ணாச்சி. மெஸ்ஸுல வேலை செய்யுறவங்களுக்கு இது கிட்டாது," என்றார். "என்ட்ரன்ஸ் பரீட்சை எழுதி, லிஸ்டுல பேரு வரலைன்னு அன்னைக்கு இந்தப் படியிலதான் இருந்து அழுதா. அடுத்த தடவை எழுதி அவளே உள்ளே போவா, பாத்துக்கோங்க."

வாசலில், நறுக்கிய வெங்காயம் நிறைந்த அண்டாவோடு அனுஷா நின்றாள்.

"என்ன அண்ணாச்சி, சீல் வெச்சாச்சா?" கேபினிலிருந்து செல்வமணி தலையை நீட்டினான்.

தாணுமாலையன் இரண்டடி நகர்ந்து, லாரிக்கும் மகளுக்கும் நடுவில் அகலமாக நின்றுகொண்டு ஃபாரத்தை நாலாக மடித்தார்.

"வேண்டாம்டே," என்றார், ஆரியசாலை வரைக்கும் கேட்கிற குரலில். "படிக்கிற பிள்ளைக்கு டிரெயினுதான் சௌகரியம்."