அடிக்காமல் ஜெயிப்பது

ஞாயிற்றுக்கிழமை மதிய வெயில் ஜன்னல் வழியே டிவியில் விழுகிறது. திரையில் நிற்கும் ஒற்றைக்கண் மல்லனின் முகம் பாதி வெளிறித் தெரிகிறது. ரயில் நிலைய விசாரணைக் கவுண்டரில் வேலை பார்க்கும் அவள், பழைய சண்டை விளையாட்டின் இந்தக் கடைசி எதிரியிடம் காலையிலிருந்து இருபத்திரண்டு முறை தோற்றிருக்கிறாள். கட்டைவிரல் கன்றிப்போயிருக்கிறது. குதித்தால் அவன் உதை முன்பே மேலே காத்திருக்கிறது. குனிந்தால் தூக்கி எறிகிறான். "நான் நினைக்கிறதுக்குள்ள அடிக்கிறான்டி, இது என்ன நியாயம்?" என்று கன்ட்ரோலரை மடியில் போடுகிறாள். பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருக்கும் இளைய நாத்தனார் சிரிக்கிறாள். "அண்ணி, நீங்க அழுத்துற பட்டனைப் பாத்துத்தான் அது அடிக்குது. ஒரே ஒரு அடி குடுத்துட்டு, தடுத்துக்கிட்டே நில்லுங்க. நேரம் முடியும்போது யாருக்கு உயிர் அதிகமோ அவங்கதான் ஜெயிப்பாங்க." அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி இறங்குகிறாள். எப்படியோ ஓர் உதை விழுந்துவிடுகிறது. உடனே தடுப்புப் பட்டனை அமுக்கிப் பிடித்துக்கொள்கிறாள். அவள் அசையாததால் மல்லனும் கிட்டே வராமல் நின்ற இடத்திலேயே தோளைக் குலுக்குகிறான். திரையின் மேலே நேரத்தைக் காட்டும் எண்கள் நாற்பது, முப்பது என்று இறங்குகின்றன. அடிக்கும் பட்டன் மேல் அவளுடைய இன்னொரு விரல் துடிக்கிறது. பூஜ்யம். வெற்றி என்று திரை மின்னுகிறது, நாத்தனார் கைதட்டுகிறாள். ஜெயித்தவளின் முகம் மட்டும் மலரவில்லை. "வாரத்துல ஆறு நாளும் வர்றவன் போறவன் திட்டுறதை வாங்கிக்கிட்டு இப்படித்தானே நிக்கிறேன்? இவனையாவது அடிச்சு ஜெயிக்கணும்டி" என்றபடி ஆட்டத்தை முதலிலிருந்து தொடங்குகிறாள்.