அண்டா மேளம்

எங்கள் ஊரில் எல்லோர் காதிலும் வடிகட்டி உண்டு. பாட்டு, மேளம், விசில் எதுவும் அதைத் தாண்டி உள்ளே போகாது. மானமுள்ள குடும்பத்துக்கு அதுதான் அழகாம். நான் என்னுடையதை ஆடி மாதமே கழற்றி அரிசி டப்பாவுக்குள் போட்டுவிட்டேன்.

மேளம் எந்தக் கடையிலும் விற்பதில்லை. அதனால் அம்மாவின் சீர் அண்டாவைக் கவிழ்த்துப்போட்டு, என் அறைக் கதவைக்கூடச் சாத்தாமல் தினமும் வாசித்தேன். கூடத்தில் இருக்கும் அப்பாவுக்கு ஒன்றும் கேட்காது. இன்றைக்கு அவருடைய காபி டம்ளர் மேசைமேல் நடுங்கிக் காட்டிக்கொடுத்துவிட்டது. எழுந்து வந்து பார்த்துவிட்டார்.

"தாரகை, என்ன புள்ள இது? மானம் போகுது, நிறுத்து! மானம் போகுது, நிறுத்து!"

கத்திக்கொண்டே கதவில் ஓங்கி ஓங்கி அடித்தார்.

நான் நிறுத்தவில்லை. அவர் அடிக்கு என் அடியைச் சேர்த்தேன். அவர் மூச்சு வாங்கிய இடத்தையெல்லாம் அண்டாவால் நிரப்பினேன். கொஞ்ச நேரத்தில் அப்பா திகைத்துப்போய்த் தன் கையைப் பார்த்தார். மறுபடி கதவில் அடித்தார், மறுபடி கத்தினார். அவர் போட்ட கூச்சலையும் பாட்டென்று எடுத்துக்கொண்டு வடிகட்டி விழுங்கிவிட்டது. அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

தாளத்தில் சேராமல், பேச்சாகவே சொன்னேன்.

"என்னைத் திட்டோணும்னா அதைக் கழட்டித்தான் ஆகோணுங்கப்பா."

கோபம் தாங்காமல் காதிலிருந்து பிடுங்கி எறிந்தார்.

நான் இன்னும் ஓங்கி அடித்தேன்.