வெளிநாட்டுப் பிரதி

சவப்பெட்டியின் விளிம்பில் உட்கார்ந்து, அம்பாரோ கழுத்து ரத்தத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மாட்ரிட்டுக்கு வெளியே இடிந்த மடம். உச்சி வெயில். கேமரா லென்ஸில் நீலக் கண்ணாடி போட்டால் அதுவே நள்ளிரவு.

உள்நாட்டுக்கான சாவு முடிந்திருந்தது. அதில் கழுத்துவரை பொத்தான் போட்ட இரவு உடை. அடுத்தது வெளிநாட்டுக்கான சாவு. ரத்தம் குடிக்கும் அதே பிரபு, அதே பல், அதே அலறல். உடை மட்டும் கிடையாது.

எழுபத்திரண்டில் எங்கள் ஸ்பெயினில் பேய்ப்படம் இப்படித்தான். தணிக்கைக்காரர்களின் முடிவுப்படி ஸ்பானியப் பெண்ணுக்கு உடம்பு இல்லை; ஸ்பானிய மண்ணில் பேயும் இல்லை. அதனால் ரத்தம் குடிப்பவர் எப்போதும் ஹங்கேரிக்காரர்.

வெளிநாட்டுப் பிரதியில் எங்கள் பெயர்களும் விலைபோகாது. எல்லோருக்கும் ஆங்கிலப் பெயர் சூட்டுவது தயாரிப்பு நிர்வாகியான என் வேலை. விஸ்கி புட்டிகளைப் பார்த்து வைப்பேன். மூன்று படங்களாக அம்பாரோவின் பெயர் பெட்டி ஸ்டோன்.

இந்தப் படத்தில் மட்டும் சொந்தப் பெயர்தான் வரவேண்டும் என்று இரண்டு நாள் மல்லுக்கட்டினாள். பழைய சாமான் சந்தையில் பேரம் கேட்டே வளர்ந்தவன் நான். என்னையே மடக்கிவிட்டாள்.

அப்போது அவளுக்கு ஒரே சாவுதான், உடையோடு. நேற்றுதான் படத்தில் பாதிப் பணம் போட்ட ஜெர்மன்காரர் வந்து இன்னொன்றும் கேட்டார். மாட்டேன் என்றால் வேறு பெண்கள் வாசலிலேயே நின்றார்கள்.

"இஸித்ரோ, பேரை மாத்தணும்" என்றாள் என்னிடம்.

"அம்மாடி, இப்பவாவது புத்தி வந்துச்சே! பெட்டி ஸ்டோனே போட்டுடவா?"

"எனக்கு அதையே போடு. என் பேரை நீவெஸுக்குப் போடு."

நீவெஸ் கன்னியாஸ்திரி வேஷக்காரி. படம் முழுக்கச் சிலுவையோடு நடந்து, கடைசிவரை சாகாதவள். நெற்றிகூட வெளியே தெரியாது.

"அவ ஒத்துக்கணுமே?"

"கேட்டுட்டேன். எப்படியும் பொய்ப் பேருதான், எதுவா இருந்தா என்னன்னுட்டா."

"சரி, இதுல உனக்கென்ன லாபம்?" லாபமில்லாத பேரத்தை நான் நம்புவதில்லை.

இரவு உடையின் கைக்குள்ளிருந்து ஒரு கடிதத்தை எடுத்தாள். அதை வைத்துக்கொண்டுதான் முதல் சாவைச் செத்திருக்கிறாள்.

பிரான்சின் துலூஸ் நகரத் தபால் முத்திரை. உள்நாட்டுப் போரில் தோற்று அவள் அப்பா எல்லை தாண்டி அங்கே போனபோது இவள் தொட்டிலில். அம்மா செத்த பிறகுதான் முகவரியே கிடைத்ததாம். முப்பத்து மூன்று வயதில் அப்பாவிடமிருந்து முதல் கடிதம்.

'போட்டோ அனுப்பாதே, மகளே. உன் படம் இங்கே வருமென்று தியேட்டர்காரர் சொன்னார். யாருக்கு என்ன வேஷம் என்று திரையில் போடுவார்களாம். நீ நடந்து வருவதைத்தான் நான் முதலில் பார்க்க வேண்டும்.'

பட்டியலை எடுத்தேன். பேரம் பேசவில்லை. கன்னியாஸ்திரிக்கு எதிரே அம்பாரோ கிலெஸ் என்று எழுதினேன்.

பிரெஞ்சு டப்பிங்கில் குரல் எப்படியும் வேறொருத்தியுடையது. இப்போது முகமும்.

முற்றத்தில் நீவெஸ் அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ரொட்டியைக் கடித்தபடி உலாத்திக்கொண்டிருந்தாள். அம்பாரோ அவளையே பார்த்தாள்.

"நடை நல்லாத்தான் இருக்கு, இல்ல?"

"உங்கப்பா செங்கொடிக்காரர். கன்னியாஸ்திரின்னாலே ஆகாதேம்மா?"

"திட்டுவாருதான். அப்புறம், வேஷந்தானேன்னு மன்னிச்சிடுவாரு."

உள்ளேயிருந்து அவளைக் கூப்பிட்டார்கள்.

எழுந்து, கடிதத்தை நாலாக மடித்து என் கையில் கொடுத்தாள். அடுத்த சாவில் அதை வைத்துக்கொள்ள இடமில்லை.